கேள்வி பதில்: டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் ரோலண்ட் ஆர்சபலும் அவர் படித்த உளவியலும்

கே: ஆர்சபல் பாட்டுகளுக்கும் உளவியலுக்கும் என்ன தொடர்பு?

ப: அவருடைய பிரிட்டிஷ் பாப் குழுவான 'டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்' பெயரிலிருந்தே தொடர்பு இருக்கிறது. ஆர்தர் ஜேனவ் என்ற அமெரிக்க உளவியலாளர் 'பிரைமல் தெரபி' என்ற சிகிச்சையை உருவாக்கினார். சின்ன வயதில் அடக்கி வைத்த வலியை அழுது, கத்தி மறுபடி அனுபவித்தால் மனம் விடுபடும் என்றார். 1970இல் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் அவரிடம் போனார். பிறகு இங்கிலாந்தின் பாத் நகரில் வளர்ந்த ஆர்சபலும் குழுவில் அவருடைய கூட்டாளி கர்ட் ஸ்மித்தும் ஜேனவின் புத்தகங்களில் மூழ்கினார்கள். இருவர் வீட்டிலும் பெற்றோர் பிரிந்தவர்கள். பயத்துக்கு மாற்று கண்ணீர் என்ற ஜேனவின் கருத்துதான் குழுவின் பெயரானது.

1983இல் வந்த 'தி ஹர்ட்டிங்' ஆல்பம் முழுக்கக் குழந்தைப் பருவ வலிதான். 'மேட் வேர்ல்ட்' பாட்டில் சாகிற கனவே நல்ல கனவு என்று வருகிறதே, அதுவும் ஜேனவ் வழி வந்த எண்ணம்தான்: பயங்கரமான கனவுதான் இறுக்கத்தை அதிகம் இறக்கி வைக்கும். இதைப் பாடமாக எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பீட்சா கடைக்கு மேலே இருந்த வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்த தெரு, பள்ளிக்கூடம், பிறந்தநாள் என்று எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கிற மாதிரி எழுதினார். தன் குரலுக்குச் சரிவராததால் ஸ்மித்திடம் பாடக் கொடுத்தார். இந்த எழுத்துத் திறமைக்காகத்தான் நான் அவரைக் கொண்டாடுகிறேன், ஜேனவுக்காக அல்ல.

கே: 'மேட் வேர்ல்ட்' கேரி ஜூல்ஸ் பாட்டுதானே?

ப: இல்லை. 1982இல் வந்த ஆர்சபல் பாட்டு. ஜூல்ஸ் பாடிய வடிவம் 2003 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

கே: அவர்களுடைய 'ஷவுட்' பாட்டு என்றால் ஜேனவின் கத்தும் சிகிச்சைதானே?

ப: அது எதிர்ப்புப் பாட்டு. பனிப்போர்க் காலத்து அரசியல் கோபம். ஆர்சபலே சொல்லியிருக்கிறார்.

கே: ஆனால் உள்ளே இருப்பதைக் கொட்டிவிடு என்கிறாரே. அது ஜேனவ் இல்லையா?

ப: சரி, அந்தச் சாயல் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜேனவின் அறையில் ஒருவர் தன் பெற்றோரை நினைத்து அழுகிறார். இந்தப் பாட்டு எதிரே நிற்பவரைப் பார்த்து "வா, உன்னிடம்தான் பேசுகிறேன்" என்கிறது. யாரை நோக்கி என்பதுதான் வேறுபாடு. 'எவ்ரிபடி வாண்ட்ஸ் டு ரூல் தி வேர்ல்ட்' பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அதே 'சாங்ஸ் ஃப்ரம் தி பிக் சேர்' ஆல்பம்தான். அவர் பார்வை வீட்டை விட்டு வெளியே போவது தெரியும்.

கே: 'ஷவுட்' கேட்டால் எனக்கும் அழுகை வருகிறது. நானும் பிரைமல் தெரபி போகலாமா?

ப: பாட்டைக் கேட்டு அழுங்கள், நல்லதுதான். சிகிச்சை வேறு விஷயம். பிரைமல் தெரபிக்கு உறுதியான அறிவியல் ஆதாரம் கிடையாது. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கே: 'ஷவுட்' பிரைமல் ஸ்க்ரீம், அதாவது ஜேனவ் சொன்ன கத்தல், பற்றியதா?

ப: இரண்டு பதில் மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: ஜேனவைச் சந்தித்தார்களா?

ப: சந்தித்தார்கள், புகழ் வந்த பிறகு. ஜேனவ் தன் சிகிச்சையைப் பற்றி இசை நாடகம் எழுதச் சொன்னாராம். அவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது.

கே: இந்தப் பாட்டுகளுக்குக் கிட்டார் கோர்டுகள் கிடைக்குமா?

ப: அதை வாசிப்பவர்களிடம் கேளுங்கள்.

கே: பிந்தைய பாட்டுகளில் உளவியல் இல்லையா?

ப: கோட்பாடு இல்லை, வலி இருக்கிறது. 1991இல் ஸ்மித் பிரிந்து போனார். ஆர்சபல் தனியாக அதே பெயரில் தொடர்ந்தார், 2004 ஆல்பத்தில் மறுபடி சேர்ந்தார்கள். 2017இல் ஆர்சபலின் மனைவி கரோலின் இறந்தார். 2022இல் வந்த 'தி டிப்பிங் பாயிண்ட்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, மனைவி நோயில் கரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதியது. 'தி ஹர்ட்டிங்' கேட்டவர்கள் அடுத்து இதைக் கேளுங்கள். நடுவில் உள்ளவை பிறகு.