பதில்: அப்பாவுக்கும் வாசிப்பு வராது, மகனுக்கும் வராதா?

சகோதரி, இரண்டாம் வகுப்பு மகன் 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று வாசிக்கிறான், கணவரும் சிறுவயதில் அப்படித்தான், "அப்பன் ரத்தம், விடு" என்கிறார் மாமியார் என்று எழுதியிருந்தீர்கள். மாமியார் சொல்வதில் பாதி சரி. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த, ஒரே மரபணு கொண்ட இரட்டையரின் வாசிப்புத் திறன், தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையரைவிட அதிகம் ஒத்துப்போகிறது. அதனால் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த "விடு" தவறு. கிட்டப்பார்வையும் பரம்பரையாக வருகிறது, கண்ணாடி போடாமலா விடுகிறோம்?

'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால். அவன் வாசிக்கும்போது அந்தக் கால் விடுபடுகிறது. இன்னும் பத்து முறை எழுதச் சொல்லாதீர்கள், என் மகள் அதில் நோட்டையே கிழித்துவிட்டாள். கெ, கொ, கோ என ஒலியைப் பிரித்துச் சொல்லி, மணலில் விரலால் எழுத வையுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். இரவில் கதை வாசித்துக் காட்டுங்கள், சொல்வளம் அதில் வளரும்.

அப்புறம், அப்பாவுக்கும் இந்தச் சிரமம் இருந்ததால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது, கண் பரிசோதனை. இது டிஸ்லெக்ஸியாவா, அதாவது வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடா என்று, சென்னைப் பக்கம் என்றால் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனில் விசாரியுங்கள். டிஸ்லெக்ஸியா 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இருக்கிறது.