இரவு பத்துக்குப் பிறகு கலவை இசை: சமூக வானொலிக் கேள்வி பதில்

சமூக வானொலியில இரவு 10 தொடக்கம் 12 வரை பல ஊர், பல காலப் பாட்டுகளைக் கலந்து போடுற நிகழ்ச்சியை எப்பிடி நடத்துறது எண்ட கேள்வியளுக்கு மட்டும் இஞ்ச பதில். அலைவரிசை அனுமதி, விளம்பரம் பிடிக்கிறது, "அறிவிப்பாளர் வேலை கிடைக்குமோ" எண்டதுகளுக்கு நான் ஆள் இல்லை. கேள்வி கேட்டவையின்ர பேருக்குப் பதிலா அவையின்ர ஊர்ப் பேர் போட்டிருக்கு.

கொக்குவில்: அண்ணை, ரெண்டு மணித்தியாலத்துக்கு எத்தினை பாட்டு ஆயத்தமா வைக்க வேணும்?

120 நிமிஷத்தில உங்கட பேச்சுக்கு 14, நிலையத்தின்ர அடையாளக் குரலுக்கு 4. மிச்சம் 102. பாட்டு ஒண்டு சராசரி நாலரை நிமிஷம் எண்டால் 22 பாட்டு. 16 நிமிஷ ஆலாபனை ஒண்டு வைச்சால் அதோட 19. இதுக்கு மேலால 2, 4, 7 நிமிஷத்தில மூண்டு வாத்திய இசை கைக்காவலா வைச்சிருங்கோ.

கன பேர் கோட்டை விடுறது முடிவில. 12 மணி அடிக்கப் பாட்டை நடுவில வெட்டுறது அசிங்கம். கடைசி வாத்திய இசை 6 நிமிஷம் 20 செக்கன், 11:59:30க்கு முடிய வேணும் எண்டு வையுங்கோ. ஒலிக்கலவைப் பலகையில (மிக்சர்) சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை மூடினபடி 11:53:10க்கு ஓட விடுங்கோ. முந்தின பாட்டு முடிய, உங்கட கடைசிப் பேச்சுக்குக் கீழால மெல்லத் திறவுங்கோ. நீங்கள் எவ்வளவு கதைச்சாலும் அது தன்ர நேரத்துக்குத்தான் முடியும். வரி உள்ள பாட்டை இதுக்கு எடுக்காதேங்கோ, பாதிச் சொல்லில திறபடும்.

சுன்னாகம்: யூரியூப்பில இருந்து இறக்கிப் போடலாமோ?

போடாதேங்கோ. அங்க கிடக்கிறது ஏற்கெனவே சுருக்கின ஒலி. அதை எம்.பி.3 ஆக்கினால் ரெண்டாந்தரம் சுருங்குது, நிலையத்தின்ர இன்ரநெற் ஒலிபரப்பில மூண்டாந்தரம். கைத்தாளமும் நாதஸ்வரமும் தண்ணிக்குள்ள நிண்டு வாசிக்கிற மாதிரிக் கேக்கும். சீடி, விலைக்கு வாங்கின, தரம் குறையாமல் சுருக்கின ஃபிளாக் கோப்பு, இல்லாட்டி நீங்களே ஒழுங்கா மாத்தின கசெற். இந்த மூண்டும் காணும்.

ஊர்காவற்றுறை: மைக்கில "ப" வாற இடமெல்லாம் குண்டு போடுற மாதிரி அடிக்குது. ஃபான் இரைச்சலும் வருது.

மைக்கை வாய்க்கு நேர வைக்காதேங்கோ. ஒரு சாண் தள்ளி, வாயின்ர ஓரத்தில இருந்து 30, 40 பாகை சரிச்சு வையுங்கோ. "ப" சொல்லேக்க வாற காத்து மைக்கைத் தாண்டிப் போயிடும். இரவுக் குரல் எண்டு சொல்லி மைக்கைக் கடிக்கிற பழக்கம் ஒண்டு இருக்கு. கிட்டப் போகப் போக அடிக்குரல் தடிச்சு, சொல் விளங்காமப் போகும். மிக்சரில 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ள ஒலியை வெட்டுற கீழ்வெட்டைப் போட்டு விடுங்கோ. மேலால சுத்துற ஃபானை நிப்பாட்டி, மேசை ஃபானைக் காலடியில வைச்சு முழங்காலுக்குத் திருப்பினால் வியர்க்காது, மைக்குக்கும் கேக்காது. பல்லி கத்துறதுக்கு மட்டும் மருந்து இல்லை.

விலை கூடின எஸ்.எம்.7பி மைக் வாங்கினால் எல்லாம் சரியாகும் எண்டு நினைக்காதேங்கோ. அதுக்கு 60 டெசிபெல் அளவில பெருக்கம் வேணும். மலிவு மிக்சரில அவ்வளவு திறந்தால் "உஸ்" எண்டு இரைச்சல்தான் முதல் வரும். எஸ்.எம்.58 மைக்கே போதும்.

நெல்லியடி: ஒரு பாட்டு மெதுவா, அடுத்தது காதைக் கிழிக்குது. உரத்த சத்தத்தை அமத்துற கொம்பிறசர் போடட்டோ?

முதல் அளவைச் சரி பண்ணுங்கோ. ஒலி எட்டுற உச்சி அளவைப் பாத்துச் சமப்படுத்துறதுதான் பிழை. தவில் ஒரு அடியில உச்சிக்குப் போய் வரும், வீணை போகாது. ரெண்டின்ர உச்சியையும் சமமாக்கினால் தவில் பதிவு மெதுவாவும் வீணை பெரிசாவும் கேக்கும். காதுக்குக் கேக்கிற சராசரி உரப்பைப் பாக்க வேணும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியத்தின்ர ஆர்128 விதிப்படி அளவு −23 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பை அளக்கிற அலகு). ஒடாசிற்றி எண்ட ஒலித் தொகுப்பு மென்பொருளில உரப்புச் சமப்படுத்தல் இருக்கு. எல்லாக் கோப்பையும், உங்கட குரலையும், அதே −23க்குக் கொண்டு வாங்கோ. பேச்சுக்குக் கீழ இசை ஓடினால் அது 15 தொடக்கம் 20 டெசிபெல் தாழ்ந்து நிக்க வேணும்.

அதுக்குப் பிறகும் நிலையத்தின்ர ஒலிபரப்புக் கருவி தன்பாட்டில உரத்ததை அமத்தி மெல்லியதைத் தூக்கும். ஆலாபனையில பாடகர் மூச்செடுக்கிற இடத்தில தம்புரா பொங்கி எழும்பினால் அது அந்தக் கருவியின்ர வேலை. தொழில்நுட்பப் பொறுப்பாளரிட்ட இரவுக்கெண்டு மெதுவான அமைப்பு ஒண்டு கேளுங்கோ. அப்பிடியே அமைதி அறியும் கருவியையும் −50 டெசிபெல், 30 செக்கனுக்கு வைக்கச் சொல்லுங்கோ. −40க்கும் 10 செக்கனுக்கும் வைச்சால், மெல்லத் தொடங்கிற வீணையை "நிலையம் செத்துப் போச்சு" எண்டு நினைச்சு அவசரப் பாட்டைத் தூக்கிப் போடும்.

பருத்தித்துறை: யூரியூப் பிறீமியம் எடுத்தால் பறவாயில்லையோ?

இல்லை. மேல சுன்னாகத்துக்குச் சொன்னதுதான்.

சாவகச்சேரி: அப்பப்பாவின்ர, நிமிஷத்துக்கு 78 தரம் சுத்துற பழைய இசைத்தட்டு கொஞ்சமும் ஒரு பெட்டி கசெற்றும் கிடக்கு. எப்பிடி மாத்துறது?

இதுக்கு ஆறுதலாச் சொல்ல வேணும். முதல் எச்சரிக்கை: 78 தட்டை ஸ்பிரிற்றால துடைக்காதேங்கோ. பழைய தட்டுகள் அரக்கில செய்தவை, அல்ககோல் அரக்கைக் கரைக்கும். ஒருக்காத் துடைச்சால் பாட்டும் போச்சு. காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு துளி பாத்திரம் கழுவுற திரவம், மெல்லிய தூரிகை, பள்ளத்தின்ர ஓட்டத்தோட வட்டமா. நடுவில இருக்கிற கடதாசி நனையக் கூடாது.

ரெண்டாவது, ஊசி. எல்.பி. இசைத்தட்டுக்கு உரிய ஊசியை 78 தட்டில வைச்சால் அது பள்ளத்தின்ர அடியில உருண்டு குப்பையைத்தான் வாசிக்கும். 78க்கு அகலமான ஊசி, 3 மில், கிட்டத்தட்ட 76 மைக்கிரோன். உங்கட பிளேயரில 78 வேகம் இல்லாட்டிலும் அந்த ஊசியோட 45இல ஓட்டிப் பதிஞ்சு, கொம்பியூட்டரில வேகத்தை 73.3 வீதம் கூட்டலாம். ரெண்டு பக்கத்தையும் ஒண்டாக்கி மோனோவாப் பதியுங்கோ. ஊசி மேல கீழ துள்ளுறதால வாற இரைச்சலில கன பங்கு அதிலயே கழிஞ்சு போகும்.

கசெற்: வெளிச்சத்தில பிடிச்சு நாடாவின்ர விளிம்பைப் பாருங்கோ. வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சிருந்தால் ஓட விடாதேங்கோ, அது கருவிக்கு ஏறி அடுத்த கசெற்றுக்கும் போகும். எங்கட ஈரப்பதனில இது சாதாரணம். கருவியில நாடாவை வாசிக்கிற தலையை 99 வீத ஐசோபுறொப்பைல் அல்ககோலால துடைக்கலாம். றப்பர் உருளைக்கு அது கூடாது, சவர்க்காரத் தண்ணி காணும். நாடாவை அமத்துற சின்னக் கம்பளித் துண்டு கழண்டிருந்தால் நாடாவை வேற கூட்டுக்கு மாத்துங்கோ.

பிறகு தலையின்ர சாய்வு. ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் வித்தியாசமாச் சாய்ஞ்சு பதிஞ்சிருக்கும். ஹெட்போனை மோனோவாக்கி, தலைக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன ஆணியைக் கால் சுற்றுக்கு உள்ள மெல்லத் திருப்புங்கோ. கைத்தாளம் எங்க கூடத் தெளிவாக் கேக்குதோ அதுதான் இடம். திருப்ப முன்னம் பழைய இடத்தை மையால அடையாளம் போடுங்கோ. 1975இல மறைஞ்ச தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி மாதிரி ஆக்களின்ர பழைய பதிவு கையில கிடைச்சால் இந்த ஒரு வேலைக்கே அரை மணித்தியாலம் செலவழிக்கலாம். பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். எம்.பி.3இல சேமிக்காதேங்கோ.

மானிப்பாய்: அண்ணை, ஒரு கர்நாடகப் பாட்டுக்குப் பிறகு ஆபிரிக்கப் பாட்டு போட்டால் "ஏன் இது?" எண்டு கேக்கினம். எப்பிடிச் சேர்க்கிறது?

கேள்வி எண்டால் இது கேள்வி. நாடு பாத்துச் சேர்க்கிற ஆக்கள், வேகம் பாத்துச் சேர்க்கிற ஆக்கள் எண்டு இருக்கினம். காது முதல் கேக்கிறது ஆதார சுருதியை. ஒவ்வொரு பாட்டின்ர கோப்புப் பேரிலயும் கட்டையை, அதாவது சுருதியின்ர இலக்கத்தை, எழுதி வையுங்கோ: 1 கட்டை எண்டால் மேற்கத்திய சுரம் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஒரே கட்டை, இல்லாட்டி ஒண்டின்ர மத்திமமோ பஞ்சமமோ மற்றதின்ர சட்சமமாக வாறது, வழுக்கிக் கொண்டு போகும். 1 கட்டைக்குப் பிறகு 4 அல்லது 5 நல்லம். அரைக் கட்டை வித்தியாசத்தை முட்ட விடாதேங்கோ, நடுவில 10 செக்கன் கதையுங்கோ.

அடுத்தது சுரங்கள். மோகன ராகத்தின்ர ஐஞ்சு சுரமும் எத்தியோப்பியாவின்ர திசிட்டா எண்ட சுர அடுக்கு வகை ஒண்டின்ர ஐஞ்சும் ஒண்டுதான். அமெரிக்க புளூஸ் இசையின்ர அடிப்படை ஐஞ்சும் சுத்த தன்யாசி ராகமும் ஒண்டு. அரபு ஹிஜாஸ் காரும் மாயாமாளவகௌளையும் ஏழுக்கு ஏழு. இனி, 1 கட்டையில ஒரு மோகனம் முடியுது. அதின்ர தைவதத்தைச் சட்சமமாக்கினால் வாறது சுத்த தன்யாசி. அப்ப 6 கட்டையில ஒரு புளூஸ் போட்டால் ஒரு சுரமும் மாறேல்லை, தரை மட்டும் நகருது. "ஏன் இது?" எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்.

தெல்லிப்பளை, சங்கீத ரீச்சர் ஒருவர்: தம்பி, இது பிள்ளையளைக் குழப்புற கதை. ராகம் எண்டது ஆரோகண அவரோகணம் மட்டுமில்லை. சுரத்தை அசைச்சுப் பாடுற கமகம் இல்லாமல் மோகனம் ஏது?

நீங்கள் சொல்லுறது சரி ரீச்சர். "இது எத்தியோப்பிய மோகனம்" எண்டு மைக்கில சொன்னால் பிழை. நான் சொன்னது பாட்டை அடுக்கிறதுக்கான கணக்கு, அறிவிப்பு இல்லை.

கரவெட்டி: அப்ப கமகம்தான் ராகம் எண்டால், ஒரே சுரங்களை வைச்சுக்கொண்டு சுத்த தன்யாசி, உதயரவிச்சந்திரிகா எண்டு ரெண்டு பேர் எதுக்கு ரீச்சர்? அதிலயே வித்துவான்மார் இன்னும் முடிவுக்கு வரேல்லையே.

ரீச்சர்: நிஷாதத்தைப் பிடிக்கிற விதம் வேற. பாடிக் காட்டினால் விளங்கும்.

கரவெட்டி: புளூஸ்காரன் காந்தாரத்தை ரெண்டு காந்தாரத்துக்கும் நடுவில வளைச்சுப் பிடிக்கிறான். அது கமகம் இல்லையோ?

ரீச்சர்: அது வளைவு. கமகத்துக்கு ஒழுங்கு இருக்கு.

அவனிட்டயும் ஒழுங்கு இருக்கு ரீச்சர், பள்ளிக்கூடத்தில எழுதி வைக்கேல்லை, அவ்வளவுதான். ஆனா நிகழ்ச்சிக்கு உதவுற இடம் உங்கட பக்கம். சுரம் ஒத்தால் காணாது, அசைவும் ஒக்க வேணும். நல்லா ஆட்டிப் பாடின விளம்ப கால மோகனத்துக்குப் பிறகு, ஒவ்வொரு சுரமும் ஆணி அடிச்ச மாதிரி நிக்கிற பியானோவைப் போட்டால் கணக்குச் சரியா இருந்தும் இடறும். குரலோ கிற்றாரோ வளையுற பாட்டைத் தேடுங்கோ. மேற்கு ஆபிரிக்க மாலி நாட்டுக் கிற்றார்காரர் அலி ஃபார்க்கா தூரே (1939–2006) வாசிச்சது நல்லா ஒட்டும்.

மானிப்பாய்: பழைய பதிவு ரெண்டு கட்டைக்கும் நடுவில நிண்டால் வேகத்தை மாத்தி இழுக்கலாமோ?

அரைக் கட்டைக்கு வேகம் கிட்டத்தட்ட 6 வீதம் மாற வேணும், பாதிக்கு 3. 3 வீதத்திலயே குரல் வேற ஆளாகும். நான் எண்டால் 1 வீதத்துக்கு மேல தொடமாட்டன். கதைச்சு மறையுங்கோ.

ரீச்சர்: நடுச்சாமத்துக்கு எந்த ராகம் எண்டாவது சொல்லுங்கோ.

நேரக் கணக்கு இந்துஸ்தானியிலதான் இறுக்கம். மால்கௌன்ஸ், எங்கட ஹிந்தோளம், நடுச்சாமத்துக்கு. தர்பாரியும் அந்த நேரத்துக்குத்தான். எங்கட பக்கம் நீலாம்பரி தாலாட்டு ராகம், 11:50க்கு முன்னம் போட்டால் கேக்கிறவை நித்திரை.

அளவெட்டி: வெளிநாட்டுப் பேருகளை எப்பிடிச் சொல்லுறது?

பாடகர் தன்ர பேரைத் தானே சொல்லுற நேர்காணலைக் கேட்டுத் தமிழில எழுதி வையுங்கோ. எங்கட எழுத்தில த, ட, ப எல்லாம் வல்லோசை மெல்லோசை காட்டாது. "தூரே"யில த வல்லோசை. அப்பிடியான எழுத்துக்குக் கீழ ஒரு கோடு போட்டு வைச்சால் இருட்டில தடுமாற மாட்டியள்.

வட்டுக்கோட்டை: கறண்ட் போனால்?

மிக்சர், கொம்பியூட்டர், திரை, றவுற்றர் எல்லாம் 225 வொற் எண்டு வையுங்கோ. 12 வோல்ற் 7 ஆம்பியர் மணி பட்டறி ரெண்டு உள்ள யூ.பி.எஸ். புதுசில 20 நிமிஷம் தாங்கும், மூண்டாம் வருஷம் பாதி. பாட்டை மடிக்கணினியில இருந்து போடுங்கோ, அதுக்குத் தன்ர பட்டறி இருக்கு. ஒலிபரப்பிக் கருவியில கை வைக்காதேங்கோ, அது வேற ஆளின்ர வேலை.

உடுவில்: உரிமை, காசு கட்டுறது?

இலங்கையின்ர 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இயற்றினவர் மறைஞ்சு 70 வருஷம் வரை உரிமை இருக்கு. மிச்சம் நிலைய முகாமையாளரிட்ட.

சுன்னாகம்: அண்ணை, புளூரூத்தில போனில இருந்து யூரியூப்...

தம்பி, நடுவில அம்மா கோல் எடுத்தால் ஊருக்கே மணி அடிக்கும். இல்லை.

காரைநகர்: நேயர் போன் எடுக்கேக்க எதிரொலி வருது.

இன்ரநெற்றில கேக்கிற ஆளுக்கு 20, 30 செக்கன் பிந்தித்தான் வரும், தன்ர குரலே திரும்பிக் கேட்டுத் திக்குவினம். ஒலிபரப்பில விட முன்னம் அவையின்ர றேடியோவை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நேயரின்ர இணைப்புக்கு மிக்சரில இருந்து எல்லாம் போகட்டும், நேயரின்ர குரல் மட்டும் போகக் கூடாது. உங்கட மிக்சரில ஒலியை வெளியில அனுப்புற துணை வழி ஒண்டு சும்மா கிடந்தால் அதில இதைச் செய்யலாம்.