ஈறு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஈற்றை விலக்கிப் பல்லின் வேரில் படிந்த பற்காரையைச் சுரண்டித் தையலிடும் இச்சிகிச்சை பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நடத்தப்படுவதால், மருத்துவர் தடுக்காதவரை சாப்பிட்டுவிட்டே செல்லலாம். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொண்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாத்திரையை நீங்களாக நிறுத்துவது, ரத்தக்கசிவைவிடப் பெரிய ஆபத்து.

சிகிச்சை முடிந்த முதல் 24 மணி நேரத்தில் வேகமாகக் கொப்பளிப்பதும் உறிஞ்சுகுழலால் குடிப்பதும் உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, ஆறிய இட்லி, தயிர்சாதம் போன்றவற்றை மறுபக்கமாக மென்று, கன்னத்தின் வெளிப்புறம் பனிக்கட்டி ஒத்தடம் கொடுங்கள். தையல் பிரிக்கும் வரை, ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள், அவ்விடத்தில் பிரஷ் படாமல் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி நீரால் கொப்பளிக்கச் சொல்வார்கள். அதனால் வரும் பழுப்புக் கறை, மருத்துவர் பற்களைச் சுத்தம் செய்தால் போய்விடும். புகைப்பிடித்தால் புண் ஆறத் தாமதமாகும். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், அல்லது மூன்று நாட்களுக்குப் பின்னும் வீக்கம் கூடினால், உடனே மருத்துவரை அணுகுங்கள்.