சிகாகோவில் அரை நாள்: ‘பீன்’ கடைசியில் இருக்கட்டும்

கேள்வி: ஊரிலிருந்து அப்பா, அம்மா சிகாகோ வந்திருக்கிறார்கள். நகரின் கட்டடங்களையும் சிற்பங்களையும் காட்ட ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. அரை நாளில் எப்படிச் சுற்றுவது?

பதில்: பலரும் நேராக மில்லேனியம் பார்க் போய், ‘பீன்’ என்கிற பளபளப்பான எஃகுச் சிற்பத்தின் முன்னால் படம் எடுத்து, அங்கேயே களைத்துப்போகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு வார நாளில் புளூ லைன் ரயிலில் ஜாக்சன் நிலையத்தில் இறங்குங்கள். மேலே வந்தால் டியர்பார்ன் தெரு. அங்கிருந்து வாஷிங்டன் தெரு வரை நேர்வழி, சமதரை, ஒரு கிலோமீட்டர்கூட வராது.

முதலில் மோனட்நாக் கட்டடம். இதைத் தவறவிடவே கூடாது. 1891-ல் முடிந்த அதன் வடபாதியில் 16 மாடிப் பாரத்தையும் தாங்குவது செங்கல் சுவர்தான். அடியில் சுவரின் கனம் 6 அடி. ஜன்னல் எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்று அப்பாவுக்குக் காட்டுங்கள். இரண்டே வருடத்தில் வந்த தென்பாதிக்கு எஃகுச் சட்டகம். சுவருக்கு அந்தக் கனம் தேவைப்படவில்லை. அப்புறம் ஜாக்சன் தெருவைக் கடந்தால் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் கறுப்பு எஃகு, கண்ணாடிக் கட்டடங்கள். சுவரே இல்லாத மாதிரி இருக்கும். வானளாவிகளின் கதை இந்த ஒரே முனையில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அங்கேயே சிற்பி கால்டரின் ‘ஃபிளமிங்கோ’ சிற்பம், 53 அடி, செக்கச்செவேல் என்று. தூரத்திலிருந்து பார்த்தால் போதாது, அடியில் புகுந்து நடக்க வேண்டும். மன்றோ தெரு முனையில் ஓவியர் ஷகாலின் ‘நான்கு பருவங்கள்’ மொசைக், சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்துச் செய்த படம். நான்கு பக்கமும் படம் என்பதால் சுற்றிவந்து பாருங்கள்.

அடுத்து, வாஷிங்டன் தெரு முனையிலுள்ள டேலி பிளாசா சதுக்கத்தில் பிகாசோ. 1967-ல் திறந்த 50 அடிச் சிற்பம். பெயரும் வைக்கவில்லை, காசும் வாங்கவில்லை. ஊருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். துருப்பிடித்த நிறமாக இருக்கிறதே என்று அம்மா கேட்கலாம். அந்தத் துருப்படலம்தான் உள்ளிருக்கும் எஃகைக் காக்கிறது. பின்னாலிருக்கும் கட்டடமும் அதே வகை எஃகுதான். சிற்பத்தின் சரிவில் குழந்தைகள் சறுக்கி விளையாடுவார்கள். எதிர்ப்புறம் மிரோவின் சிற்பத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

இனி வாஷிங்டன் தெருவில் கிழக்கே சிகாகோ கல்ச்சுரல் சென்டர். 1897-ல் பொது நூலகமாகக் கட்டியது. அனுமதி இலவசம், உட்கார இடம், கழிப்பறை, லிஃப்ட் எல்லாம் உண்டு. அம்மாவை இங்கே நன்றாக ஓய்வெடுக்க விடுங்கள். 38 அடி விட்டமுள்ள டிஃபனி கண்ணாடிக் குவிமாடத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தெருவைக் கடந்தால் மில்லேனியம் பார்க். மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் ‘பீன்’ 168 எஃகுத் தகடுகளை இணைத்துச் செய்தது. ஒட்டு எங்கே என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது.

தெம்பு மிச்சமிருந்தால் பக்கத்திலேயே ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்கிற கலை அருங்காட்சியகம். 1893-ல் விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவரை அனுப்பச் சென்னையில் முன்நின்று பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். சிங்கங்கள் காவல் நிற்கும் வாசல்வரை போக டிக்கெட் வேண்டாம். ஏரிக்காற்று சில்லென்று அடிக்கும். கோடையானாலும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.