ஆபீஸ் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டை மறைத்து வைக்கலாமா?

வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், சிக்னல்தான் அடிவாங்கும். மேலே ஏசி டக்ட், இரும்புக் கம்பி, கேபிள் டிரே எல்லாம் ஓடும். உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். சீலிங் மாடல்களின் ஆன்டெனா பெரும்பாலும் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் பரப்பவே வடிவமைக்கப்படுகிறது. அதனால் டைலுக்குக் கீழே, டி-பார் (டைல்களைத் தாங்கும் சட்டம்) கிளிப்பில் மாட்டுங்கள். (அதையே சுவரில் மாட்டினால் சிக்னலில் ஒரு பங்கு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் போய் வீணாகும்.) டைலில் நேரடியாகத் திருகினால் நாளடைவில் டைல் தொய்யும்.

நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து கேபிள் மொத்தம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குள்ளேயே ஓரிரு மீட்டரை மேலே சுருட்டி விடுங்கள், பின்னால் இடம் மாற்ற உதவும். ஸ்விட்சின் பிஓஇ போர்ட் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் போர்ட்) 15.4 வாட்தான் தருகிறதா என்றும் பாருங்கள். புதிய மாடல்கள் பலவற்றுக்கு 30 வாட் போர்ட் வேண்டும். குறைந்தால் ஆக்சஸ் பாயின்ட்டுக்குள் உள்ள சில வைஃபை ரேடியோக்கள் சத்தமில்லாமல் அணைந்துவிடும், நீங்கள் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.