மெட்டானமியா, சினெக்டகியா? ஆங்கில இலக்கிய மாணவர்களின் சில கேள்விகள்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். தேர்வு நேரத்தில் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும் என் பதில்களும் இவை.

கேள்வி: மேடம், மெட்டானமியும் சினெக்டகியும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

பள்ளியில் படித்த ஆகுபெயரை நினைத்துப் பாருங்கள். 'தலைக்கு நூறு ரூபாய்' என்றால் தலை ஆளைக் குறிக்கிறது, அது சினையாகுபெயர். 'மல்லிகை சூடினாள்' என்பதில் கொடியின் பெயர் பூவுக்கு வருகிறது, அது முதலாகுபெயர். பகுதியைச் சொல்லி முழுமையைக் காட்டினாலும், முழுமையைச் சொல்லிப் பகுதியைக் காட்டினாலும் ஆங்கிலத்தில் அது சினெக்டகிதான். கப்பலில் 'ஆல் ஹேண்ட்ஸ்' என்றால் மாலுமிகள் அத்தனை பேரும் வர வேண்டும்.

மெட்டானமிக்குப் பகுதி, முழுமை என்ற உறவு தேவையில்லை, நெருங்கிய தொடர்பு போதும். அரசரைக் 'கிரௌன்' என்கிறார்கள். கிரீடம் அவர் உடம்பின் பாகம் இல்லையே. பலரும் தடுக்கி விழும் இடம் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆண்டனி சொல்லும் 'லெண்ட் மீ யுவர் இயர்ஸ்'. காது உறுப்புதானே என்று சினெக்டகி என எழுதிவிடுகிறார்கள். அங்கே காது குறிப்பது ஆளை அல்ல, கவனத்தை. ஆகவே மெட்டானமி.

கேள்வி: அலிட்டரேஷன் மோனை, ரைம் எதுகை என்று நினைவு வைத்துக்கொள்ளலாமா?

முதல் பாதி சரி. ரைமுக்கு இணை எதுகை இல்லை, இயைபு. எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது. ரைம் பெரும்பாலும் அடியின் கடைசியில் வருவது. இன்னொன்று, அலிட்டரேஷனில் எழுத்தைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒலி சேரவில்லை. 'நைஃப்' (knife), 'நைட்' (night) எழுத்தில் வேறு, ஆனால் ஒலியில் சேரும்.

கேள்வி: பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. பிளாங்க் வெர்ஸில் ரைம் கிடையாது, ஆனால் அடிக்குப் பத்து அசை என்ற அளவு உண்டு. மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' (1667) அப்படிப்பட்டது. ஃப்ரீ வெர்ஸில் அந்தக் கட்டும் கிடையாது.

கேள்வி: டிராமாட்டிக் ஐரனிக்கு நல்ல உதாரணம் ஒன்று சொல்லுங்கள்.

பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதுதான் டிராமாட்டிக் ஐரனி. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் முதல் அங்கம், நான்காம் காட்சி. துரோகம் செய்த காடர் பிரபுவைப் பற்றி மன்னர் டங்கன் வருந்துகிறார்: முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் கலை எதுவும் இல்லை, அவனை முழுக்க நம்பியிருந்தேன் என்கிறார். அவர் வாய் மூடும் முன்னே மேக்பெத் உள்ளே வருகிறான். அவன் மனத்தில் கொலை எண்ணம் முளைத்ததை முந்தைய காட்சியிலேயே நாம் கேட்டுவிட்டோம். டங்கனோ அவனை ஆசையாக வரவேற்கிறார். காடர் பட்டமும் இப்போது இவனுக்குத்தான்! ஒவ்வொரு முறை நடத்தும்போதும் இந்த இடத்தில் எனக்கு மனம் பதறும்.

கேள்வி: ஒரு வரியில் இருக்கும் உத்தியின் பெயரைச் சரியாக எழுதியும் மதிப்பெண் குறைகிறது. ஏன்?

பெயரோடு நிறுத்திவிடுகிறீர்கள், அதனால்தான். அது அந்த வரியில் என்ன வேலை செய்கிறது என்றும் எழுதுங்கள். கோல்ரிட்ஜின் முதிய மாலுமியின் கதையில் கப்பல் விரையும்போது 'ஃபோம் ஃப்ளூ, ஃபரோ ஃபாலோட் ஃப்ரீ' என்று வரி ஓடுகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதட்டில் காற்று தங்காமல் போகும். அடுத்த பத்தியில் காற்று விழுந்துவிடுகிறது: 'டவுன் டிராப்ட் தி ப்ரீஸ், தி செயில்ஸ் டிராப்ட் டவுன்'. இப்போது நாக்கு மேலே முட்டி முட்டி நிற்கிறது. பாயும் அப்படித்தான் தொங்கிப்போகிறது.