இரண்டு தவறுகளில் ஒன்று போனால்
கோல்ஃப் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, எனக்கு 54 வயது. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃப் ஆடத் தொடங்கினேன். முறையாகக் கற்காமலேயே 100 அடிகளுக்குச் சற்று மேலே ஆட்டத்தை முடிப்பேன். பந்து இடப்பக்கம் கிளம்பி, வலப்பக்கமாக வளைந்து, எப்படியோ ஃபேர்வேயில், அதாவது களத்தின் நடுவே வெட்டிச் சீராக்கிய புல்வழியில், வந்து விழும். அந்த வளைவைப் போக்க ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். அவர் பிடியை மாற்றினார். இடக்கை மடங்கக் கூடாது, இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், தலை அசையக் கூடாது என்று சொல்லித்தந்தார். பயிற்சித் திடலில் நன்றாகத்தான் அடிக்கிறேன். களத்தில் இறங்கினால் பந்து நேராக இடப்பக்க மரங்களுக்குள் போகிறது. 115-ஐத் தாண்டுகிறேன். பணமும் போய், இருந்த ஆட்டமும் போனதுதான் மிச்சம். பழையபடியே ஆடிவிடலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. முன்பு வளைந்து போன பந்து இப்போது நேராகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இடப்பக்கம் போகிறது என்பது வேறு விஷயம். வளைவு நின்றுவிட்டது. நீங்கள் பயிற்சியாளரிடம் கேட்டதே அதைத்தான்.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தில் படும்போது மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே. பிறகு அது வளைவது, மட்டை வீசிவரும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாட்டால். உங்கள் மட்டை வெளியிலிருந்து உள்ளே, அதாவது இடப்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்தது. முகம் அந்தப் பாதைக்கு வலப்பக்கமாகத் திறந்திருந்தது. இரண்டும் தவறுதான். ஆனால் ஒன்றின் கேட்டை மற்றது சரிக்கட்டியதால் பந்து ஃபேர்வேயில் விழுந்தது. புதிய பிடி முகத்தைச் சரிசெய்துவிட்டது, பாதை அப்படியே இருக்கிறது. அதனால் பந்து பாதையோடு சேர்ந்து மரத்துக்குப் போகிறது. பாதி வேலை முடிந்த நிலையில் பிடியைப் பழையபடி மாற்றினால் முடிந்த பாதியும் வீணாகும்.

இனி பாதையைப் பார்ப்போம். கிண்டியில் மற்றவர்களின் பையைச் சுமந்துகொண்டுதான் நான் இந்த ஆட்டத்தைக் கற்றேன். பை சுமப்பவன் ஆட்டக்காரருக்குப் பின்னால் நின்றே பார்ப்பதால், அவர் எங்கே குறிவைத்து நிற்கிறார் என்பது அவரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். உங்களைப்போல் பந்தை வலப்பக்கம் வளைத்து ‘ஸ்லைஸ்’ அடிப்பவர்கள், பந்து வலப்பக்கம் வரும் என்று எதிர்பார்த்து, நாளடைவில் தோளையும் பாதங்களையும் இடப்பக்கம் திருப்பி நிற்கப் பழகிவிடுகிறார்கள். அது அவர்களுக்கே தெரிவதில்லை. நீங்களும் அப்படித்தான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு மட்டையைத் தரையில், உங்கள் கால்விரல் நுனிகளை ஒட்டி வையுங்கள். விலகி நின்று, அது எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். நேராக்கி வைத்துவிட்டு நின்றால், வலப்பக்கம் வெகுதூரம் திரும்பி நிற்பதுபோல் தோன்றும். உங்கள் உணர்வை நம்பாதீர்கள், தரையிலுள்ள மட்டையை நம்புங்கள்.

அடுத்து, பந்துகள் வரும் காலி அட்டைப்பெட்டி ஒன்றைப் பந்துக்குச் சற்றுப் பின்னால், உங்களைவிட்டு விலகிய பக்கத்தில் வையுங்கள். மட்டை பழைய வழியில் வந்தால் பெட்டியில் இடிக்கும். 7-ஆம் நம்பர் அயர்னை (இரும்புத் தலை மட்டையை) எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் வீசுங்கள். பெட்டியில் படாமல் அடிப்பது கைவந்த பிறகு முழு வீச்சுக்குப் போகலாம். அதுவரை டிரைவர் என்ற நீள மட்டை பையிலேயே இருக்கட்டும்.

உங்கள் கையுறையையும் ஒருமுறை பாருங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதி, மணிக்கட்டுக்கு அருகில், தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால் மட்டையை இன்னும் உள்ளங்கையில்தான் பிடித்திருக்கிறீர்கள், அல்லது வீசும்போது அது கைக்குள் நகர்கிறது. மட்டை விரல்களின் அடியில் படிந்து கிடக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு விரல் முட்டிகளாவது தெரிய வேண்டும்.

திடலில் நன்றாக வருவது களத்தில் வராததற்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் அங்கே பந்தை வைத்து அடிக்கும் செயற்கைப் பாய்தான். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையில் பட்டாலும் பாயில் மட்டை வழுக்கிச் சென்று பந்தை ஓரளவு நன்றாகவே அடித்துவிடும். புல்லில் அதே அடி மண்ணைத் தோண்டும். பாய் உங்கள் தவறை மறைக்கிறது. முடிந்தவரை புல்லில் பழகுங்கள். பெயர்ந்த புல்தடம் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று குனிந்து பாருங்கள். இடப்பக்கம் காட்டினால் பாதை இன்னும் திருந்தவில்லை.

ஒரே மட்டையால், ஒரே இலக்கை நோக்கி வாளி வாளியாக அடிப்பதும் ஏமாற்றும். ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் கையசைவுப் பயிற்சியை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். மாற்றி மாற்றிச் செய்தவர்கள் பயிற்சியில் தடுமாறினாலும், பிறகு சோதித்தபோது முந்தினார்கள். பெட்டிப் பயிற்சி முடிந்ததும், ஒவ்வொரு பந்துக்கும் மட்டையை மாற்றுங்கள், இலக்கை மாற்றுங்கள், பின்னால் போய் நின்று புதிதாக வந்து நில்லுங்கள். களத்தில் யாரும் ஒரே இடத்திலிருந்து இருபது பந்து தருவதில்லை.

இடக்கை, இடுப்பு, தலை என்று மூன்று கட்டளைகளை ஒரே வீச்சுக்குள் திணிக்காதீர்கள். மட்டை மேலிருந்து இறங்க ஏறத்தாழ கால் நொடிதான் ஆகிறது. அதற்குள் யாராலும் மூன்று உறுப்புகளை மேய்க்க முடியாது. கேப்ரியேலே வுல்ஃப் குழுவினர் 1999-இல் புதிதாகக் கற்பவர்களை வைத்துச் செய்த ஆய்வில், கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள். பந்தின் முன்னால் நிற்கும்போது உங்கள் மனத்தில் அந்தப் பெட்டி மட்டும் இருந்தால் போதும்.

பொறுமையும் வேண்டும். இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ ஏற்கெனவே பல போட்டிகளை வென்றிருந்தவர். 1985-இல் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய்த் தன் ஸ்விங்கை அடியோடு மாற்றத் தொடங்கினார். 1987-இல் ஸ்காட்லாந்தின் முயர்ஃபீல்டில், கடைசிச் சுற்றின் 18 குழிகளையும் பார் கணக்கில், அதாவது ஒவ்வொரு குழிக்கும் குறித்த அடிகளிலேயே, முடித்து ஓபன் பட்டத்தை வென்றார். முழுநேர ஆட்டக்காரருக்கே இவ்வளவு காலம் பிடித்தது. உங்கள் பயிற்சியாளரிடம் திரும்பப் போங்கள். பாதையை மட்டும் பார்க்கச் சொல்லி, மற்றதைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் இதைக் கேட்டு மகிழ்வார். அதுவரை களத்தில் எண்ணிக்கை எழுதாமல் ஆடுங்கள்.

கேள்வி: செல்பேசியில் காணொளி பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ஆசிரியர் இல்லாமல் உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன். அங்கே ஆடியவர்களைப் பார்த்துத் தானே கற்று, 2008-இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். ஆனால் அவர் சிறுவயது முதல் களத்திலேயே வளர்ந்தவர். காணொளியில் வரும் அறிவுரை யாரோ ஒருவருடைய தவறுக்கான மருந்து. அது உங்கள் தவறுதானா என்பதை அந்தக் காணொளி சொல்லாது. செல்பேசியை உங்களைப் படமெடுக்கப் பயன்படுத்துங்கள். உங்களுக்குப் பின்னால், இலக்குக்கு நேர்க்கோட்டில், கை உயரத்தில் வைத்துப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். உங்கள் மட்டை கீழே இறங்கும் வழி அதில் தெளிவாகத் தெரியும்.